7. எங்கே மவுண்ட் செய்வது? வட்டில் இல்லாத கோப்புமுறைமைகளுக்கு இடம் தேர்ந்தெடுத்தல்

கோவையில் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ இருக்கிற ஒரு பம்புசெட் பட்டறையை எடுத்துக்கொள்வோம். தயாரான நீர்மூழ்கி பம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐஎஸ் 8034 தரப்படி எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு ஹெட் எடுக்கிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று குறிக்க வேண்டும். முன்பு நோட்டுப்புத்தகத்தில் எழுதிய கணக்கு இப்போது சென்சார்கள் வழியாக ஒரு ராஸ்பெர்ரி பை பலகைக்குப் போகிறது. பலகை நொடிக்கொரு தடவை நான்கு அளவுகளை எஸ்டி கார்டில் எழுதுகிறது. கார்டுக்கு இந்த வேலை ஆகாது. நாற்பது எழுத்துள்ள ஒரு வரியைச் சேர்ப்பதற்காகவும் கார்டு உள்ளுக்குள் ஒரு பெரிய தொகுதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும். நாளெல்லாம் இப்படி எழுதினால் அதன் ஆயுள் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

ஆகவே யாராவது ஒருவர், "ரேமிலேயே எழுதிவிட்டு அப்புறம் கார்டுக்கு மாற்றலாமே" என்பார். நல்ல யோசனைதான். ரேமில் ஒரு கோப்புமுறைமையை உண்டாக்க லினக்ஸில் ஒரே வரி போதும். ஆனால் அந்த வரியில் ஒரு அடைவின் பெயரையும் எழுத வேண்டும், ஆட்கள் தடுமாறுவது அங்கேதான்.

ரூட் அனுமதி இருந்தால் லினக்ஸ் எந்த அடைவையும் மறுக்காது. ரூட்டின் கீழேயே புதிதாக ஒன்றை உண்டாக்கி அதில் மவுண்ட் செய்யலாம், ஹோம் அடைவுக்குள் செய்யலாம், ஏற்கெனவே கோப்புகள் இருக்கிற இடத்தின் மேலேயும் செய்யலாம். எல்லாமே வேலை செய்யும். இந்த அத்தியாயம் முழுக்க நான் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: பாதையைப் படிக்கிற அடுத்த ஆளுக்கு, உள்ளே இருப்பது கரண்ட் போனால் மிஞ்சுமா மிஞ்சாதா என்பது அந்தப் பாதையிலேயே தெரிய வேண்டும். அந்த அடுத்த ஆள் மனிதராகவும் இருக்கலாம், ஒரு புரோகிராமாகவும் இருக்கலாம்.

முந்தைய அத்தியாயங்களைப் போலவே இங்கும் பாதைகளையும் கட்டளைகளையும் உச்சரிப்பில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது அனைத்தும் ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.

ஏற்கெனவே என்னென்ன மவுண்ட் ஆகியிருக்கிறது

எதையும் சேர்ப்பதற்கு முன்னால் ஃபைண்ட்எம்என்டி என்று அடித்துப் பாருங்கள். சாதாரண டெபியன் கணினியிலேயே வரிசை திரையைத் தாண்டிப் போகும். உண்மையான வட்டு அதில் ஒன்றோ இரண்டோதான். மீதியெல்லாம் மெய்நிகர் கோப்புமுறைமைகள், அதாவது நாம் கேட்கும்போதெல்லாம் கெர்னல் உண்டாக்கிக் காட்டுகிறவை.

இவற்றை இனிமேல்தான் வாங்கிப் பழக வேண்டும் என்பதில்லை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. கொங்குப் பகுதியின் அரசுப் பள்ளிகளில் படித்த எத்தனையோ பிள்ளைகளின் கையில் /ப்ராக்கும் /சிஸ்ஸும் அப்போதே இருந்தன. திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

ஒன்றைத் திறந்து பார்ப்போம். பை பலகையில் /சிஸ்/கிளாஸ்/தெர்மல்/தெர்மல்_ஜோன்0 என்ற அடைவுக்குள் டெம்ப் என்று ஒரு கோப்பு இருக்கும். எல்எஸ் -எல் கொடுத்தால் அதன் அளவு 4096 பைட் என்று வரும். கேட் கட்டளையால் படித்தால் 61854 என்று ஐந்தே இலக்கம். அதாவது சிப்பின் வெப்பம் 61.854 டிகிரி. இன்னொரு தடவை படித்தால் எண் மாறியிருக்கும். கோடையில் தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் வைத்த பை 4 பலகை 80 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். பட்டறையில் இந்த ஒரு கோப்பைக் கவனித்துக்கொண்டிருந்தாலே பாதித் தலைவலி குறையும். இப்போது /ப்ராக்/அப்டைம் கோப்பைப் பாருங்கள். அளவு பூஜ்ஜியம் என்று காட்டும், படித்தால் எண்கள் வரும். வட்டில் இதற்கெல்லாம் ஒரு பைட்கூட இல்லை என்பதை இந்தப் பொருந்தாத அளவுகளே சொல்லிவிடுகின்றன.

ஓடுகிற ப்ராசஸ்களைக் கோப்பாகக் காட்டலாம் என்ற எண்ணம் பெல் லேப்ஸில் பிறந்தது. டாம் கில்லியன் அதை 1984இல் யூனிக்ஸின் எட்டாம் பதிப்புக்காகச் செய்தார். லினக்ஸுக்கு /ப்ராக் 1992இல் வந்தது. பிறகு ப்ராசஸுக்குச் சம்பந்தமே இல்லாத சாதனம், பஸ், டிரைவர் விவரங்களையெல்லாம் அதற்குள்ளேயே போட்டுப் போட்டு நெரிசலாகிவிட்டது. அதைப் பிரித்து வைக்க பேட்ரிக் மொச்செல் உருவாக்கியதுதான் 2003 டிசம்பரில் 2.6 கெர்னலோடு வந்த /சிஸ். இடம் தவறினால் பின்னால் எவ்வளவு சிரமம் என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு. இருபது வருடம் கழிந்தும், அன்றைக்கு /ப்ராக்கில் போட்டவற்றில் பலவற்றை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. எத்தனையோ புரோகிராம்கள் அந்தப் பாதையை நம்பி எழுதப்பட்டுவிட்டன.

கெர்னல் காலி அடைவு வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

கெர்னல் தருகிற கோப்புமுறைமைக்கு நீங்கள் இடம் யோசிக்கவே வேண்டாம். அநேகமாக /சிஸ்ஸுக்குள் அதற்கென்று ஒரு காலி அடைவு தயாராக இருக்கும். அதுதான் அதன் இடம்.

டீபக்எஃப்எஸ் கதை இதற்குப் பொருத்தம். கெர்னல் எழுதுகிறவர்கள் பிழை தேடும் தகவல்களைப் போட்டுப் பார்ப்பதற்காக கிரெக் க்ரோ-ஹார்ட்மன் 2004 இறுதியில் அதை எழுதினார். /சிஸ்/கெர்னல்/டீபக் என்ற அடைவு அதற்காகவே உண்டு. ஆனாலும் ஆளாளுக்கு ஒரு இடத்தில் மவுண்ட் செய்தார்கள். கெர்னலோடு வருகிற எஃப்ட்ரேஸ் ஆவணமே சில காலம் ரூட்டின் கீழே /டீபக் என்று ஓர் அடைவைக் காட்டியது. அதைப் படித்துப் பழகியவர் எழுதிய ஸ்கிரிப்ட் இன்னொருவர் கணினியில் ஓடாது. ஆவணம் பிறகு திருத்தப்பட்டது. 2015இல் 4.1 கெர்னலில் ட்ரேஸிங்குக்கென்று தனிக் கோப்புமுறைமையே வந்து /சிஸ்/கெர்னல்/ட்ரேஸிங் அதன் இடமானது. அப்போதும் பழைய இடத்தைக் கைவிட முடியவில்லை. டீபக் அடைவுக்குள்ளும் அது தானாகத் தெரியும்படி வைத்தார்கள், பழைய கருவிகள் அங்கேதான் தேடும் என்பதால்.

சிகுரூப் கோப்புமுறைமைக்கும் இதே அலைச்சல்தான். ஒருவர் /சிகுரூப் என்றார், மற்றவர் /டெவ்/சிகுரூப் என்றார். 2010இல் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் என்று கெர்னலே அடைவை உண்டாக்கியதும் சச்சரவு முடிந்தது. செலினக்ஸ் ரூட்டின் கீழே /செலினக்ஸ் என்று இருந்துவிட்டு 2011இல் /சிஸ்/எஃப்எஸ்ஸுக்குக் குடிபோனது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் இந்த வருடங்களைக் கவனத்தில் வைக்க வேண்டும். ரூட்டின் கீழே புது அடைவை உண்டாக்கி ஒரு கெர்னல் கோப்புமுறைமையை அதில் மவுண்ட் செய்யச் சொல்லும் குறிப்பு பெரும்பாலும் 2010க்கு முந்தையது. அதை அப்படியே பின்பற்றாதீர்கள்.

சாதனம் போல நடப்பவை /டெவ்வுக்குள் போகும். டெர்மினல்களுக்கான /டெவ்/பிடிஎஸ், பகிர்ந்த நினைவகத்துக்கான /டெவ்/எஸ்எச்எம், பெரிய பக்கங்களுக்கான /டெவ்/ஹியூஜ்பேஜஸ் ஆகியவை அப்படி. இவற்றையெல்லாம் சிஸ்டம்டி தானே பார்த்துக்கொள்ளும். கை வைக்கத் தேவையில்லை.

உங்கள் சொந்த டெம்ப்எஃப்எஸ்

இனி பம்பு பட்டறைக்கு, ரேமில் உண்டாக்கும் கோப்புமுறைமையான டெம்ப்எஃப்எஸ்ஸுக்கு, வருவோம். இங்கே கெர்னல் உங்களுக்காக இடம் குறித்து வைக்கவில்லை, தேர்வு உங்களுடையது.

பயிற்சி வகுப்புகளில் மெஷின் பக்கம் நிற்கிற பையன்கள் தவறாமல் கேட்கிற கேள்வி: "ஏனுங்க சார், /டெவ்/எஸ்எச்எம் ஏற்கெனவே ரேம்லதானுங்க இருக்குது? புதுசா ஒண்ணு எதுக்குங்க, அதுலயே எழுதிப்போட்டா ஆகாதுங்களா?" நியாயமான கேள்வி. எழுதலாம், எழுதவும் விடும். ஆனால் அந்த இடம் புரோகிராம்கள் தங்களுக்குள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதற்கானது. சிஸ்டம்டி உள்ள பல டிஸ்ட்ரிபியூஷன்களில், சாதாரணப் பயனர் ஒருவரின் கடைசி லாகின் முடிந்ததும் அவர் பெயரில் /டெவ்/எஸ்எச்எம்மில் இருக்கிற கோப்புகளையெல்லாம் லாகின்டி துடைத்துவிடும். ரிமூவ்ஐபிசி என்ற அமைப்பு செய்கிற வேலை அது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேடே இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறது. சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ லேப்டாப்பிலிருந்து அதே பயனர் பெயரில் உள்ளே வந்து பார்த்துவிட்டு வெளியே போனால், காலையிலிருந்து எழுதிய அளவுகள் காணாமல் போகலாம். பிழைச் செய்தியும் வராது.

/டெம்ப்? அது எல்லாருக்கும் பொதுவான இடம். அங்கே எதையும் நாள்கணக்கில் நம்பி வைக்கக்கூடாது. அது வட்டில் இருக்கிறதா ரேமில் இருக்கிறதா என்பதும் டிஸ்ட்ரிபியூஷனுக்கு டிஸ்ட்ரிபியூஷன் மாறும். ஃபெடோரா பல வருடங்களாக ரேமில் வைக்கிறது. டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில்தான் அதற்கு மாறியது, மொத்த ரேமில் பாதி வரைக்கும் /டெம்ப் வளரலாம். 2 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியைப் பட்டறையில் சர்வராக ஓட்டுகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பெரிய கோப்பு ஒன்றை /டெம்ப்பில் விரித்தால் 1 ஜிபி வரை ரேமே போய்விடும். அது ஒத்துவராதென்றால் சிஸ்டம்சிடிஎல் மூலம் டெம்ப்.மவுண்ட் யூனிட்டை மாஸ்க் செய்துவிட்டு ரீபூட் செய்தால் பழையபடி வட்டுக்கு வந்துவிடும். ரீபூட்டுக்குப் பின்னும் இருக்க வேண்டிய தற்காலிகக் கோப்பு என்றால் அதற்கு /வார்/டெம்ப் இருக்கிறது.

/வார்/லாக் அடைவு முழுவதையும் ரேமுக்கு மாற்றச் சொல்லும் குறிப்புகளும் நிறையக் கிடைக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஸ்டி கார்டு பிழைக்கும் என்பது சரிதான். ஆனால் பலகை தானாக ரீபூட் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன் ஆனது என்று சொல்லும் ஒரே சாட்சி அந்த லாக்தான். ரேமில் இருந்தால் ரீபூட்டோடு சாட்சியும் போய்விடும். லாக் என்ற பெயரைப் பார்க்கிற எந்த டெக்னீஷியனும் பழைய பதிவு இருக்கும் என்றுதான் தேடுவார். பாதை ஒன்றைச் சொல்ல, உள்ளே வேறொன்று இருக்கக்கூடாது.

என் பரிந்துரை /ரன். இந்த அடைவு 2011இல்தான் வந்தது. அதற்கு முன்னால் /வார்/ரன் இருந்தது, ஆனால் கணினி கிளம்பும் ஆரம்ப நொடிகளில் /வார் மவுண்ட் ஆகியிருக்காது. அப்போது எழுத இடமில்லாத புரோகிராம்கள் /டெவ்வுக்குள் புள்ளியில் தொடங்கும் பெயர்களில் ரகசியமாகக் கோப்புகளை வைத்தன, அந்த நேரத்தில் எழுதக்கூடிய டெம்ப்எஃப்எஸ் அது ஒன்றுதான் என்பதால். சாதனங்களுக்கான இடம் குப்பைக்கூடையானது. அதைச் சரிசெய்யவே /ரன் பிறந்தது. 2015இல் வெளியான கோப்புமுறைமைப் படிநிலைத் தரநிலையின் 3.0 பதிப்பு அதை ஏற்றுக்கொண்டது. கணினி கிளம்பியது முதல் இந்த நேரம் வரையிலான தகவல் மட்டுமே இங்கே இருக்கும், அடுத்த தடவை கிளம்பும்போது காலியாகும் என்பது அதன் பொருள். நமக்கு வேண்டியதும் இதுதான். /ரன்/பம்ப்டெஸ்ட் என்ற பாதையைப் பார்த்ததுமே, இதில் இருப்பது நிலைக்காது என்று லினக்ஸ் தெரிந்த யாருக்கும் புரியும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. சிறிய அளவு என்றால் புதிதாக எதையும் மவுண்ட் செய்ய வேண்டாம். /ரன் ஏற்கெனவே டெம்ப்எஃப்எஸ்தான். சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் ரன்டைம்டைரக்டரி என்ற வரியில் பம்ப்டெஸ்ட் என்று எழுதினால் அடைவு சரியான உரிமையாளரோடு தானாக உண்டாகும். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: சர்வீஸ் நின்றால் அந்த அடைவையும் சிஸ்டம்டி அழித்துவிடும். சின்னத் திருத்தம் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தாலும் அழியும். ரன்டைம்டைரக்டரிபிரிசர்வ் என்ற வரியில் யெஸ் என்று எழுதாமல் இந்த வழியில் போகாதீர்கள்.

அளவு பெரிதென்றால், அல்லது எவ்வளவு வளரும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், /ரன்/பம்ப்டெஸ்டில் தனி டெம்ப்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்யுங்கள். /ரன் நிரம்பினால் கணினியின் மற்ற சர்வீஸ்கள் எல்லாம் தடுமாறும். தனி மவுண்ட் நிரம்பினால் உங்கள் புரோகிராம் மட்டும்தான் நிற்கும். அளவை எழுதாமல் விட்டால் டெம்ப்எஃப்எஸ் மொத்த ரேமில் பாதி வரை போகும் என்பதால் சைஸ் கட்டாயம் எழுத வேண்டும். கணக்குப் போடுவது சுலபம். நான்கு அளவுகள், ஒவ்வொன்றும் சுமார் 40 பைட், நொடிக்கொரு தடவை. மணிக்கு 5,76,000 பைட், 24 மணி நேரத்துக்கு 14 எம்பிக்கும் குறைவு. 32 எம்பி கொடுத்தால் தாராளம். நோசூட், நோடெவ், நோஎக்செக் மூன்றையும் சேர்த்துவிடுங்கள். வெறும் எண்கள் இருக்கிற இடத்திலிருந்து எந்தப் புரோகிராமும் ஓட வேண்டியதில்லை. மோட் 0750 என்று வைத்து, சோதனைப் புரோகிராம் ஓடும் பயனரையே உரிமையாளராக்குங்கள்.

டெம்ப்எஃப்எஸ்ஸில் எழுதியது ஃப்ரீ கட்டளையில் ஷேர்டு என்ற பத்தியில் தெரியும். பட்டறைப் பலகை மெதுவாகிறது என்று யாராவது சொன்னால் முதலில் அந்தப் பத்தியைப் பாருங்கள். ராம்எஃப்எஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு உச்சவரம்பே கிடையாது. ரேம் தீரும்வரை வளர்ந்து கணினியையே நிறுத்திவிடும். பட்டறைக்கு அது வேண்டாம்.

கரண்ட் விஷயத்தையும் தீர்த்துவிட வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படும், அதற்குத் தயாராகலாம். சொல்லாமல் போகிற ஒரு நொடி மின்வெட்டுக்குத்தான் வழி வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை /ரன்/பம்ப்டெஸ்டில் இருப்பதை /வார்/லிப்/பம்ப்டெஸ்டில் சேர்த்து எழுதும் டைமர் ஒன்றை வையுங்கள். ஒரு பம்பின் சோதனை முடிந்த கையோடும் அதே வேலை நடக்க வேண்டும், சான்றிதழுக்கு அடிப்படை அந்தப் பதிவுதான். கார்டில் நொடிக்கு நான்கு தடவை எழுதியது இனி மணிக்கு ஆறேழு தடவை ஆகும். மோசமான நாளில்கூடப் பத்து நிமிட அளவுகளுக்கு மேல் இழப்பில்லை, அந்த ஒரு பம்பைத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம்.

மேலே மூடினால் கீழே இருப்பது போகாது

காலியில்லாத அடைவின் மேல் மவுண்ட் செய்வது, சரக்கு மூட்டைகளின் மேல் தார்ப்பாய் போர்த்துகிற மாதிரி. மூட்டை கண்ணுக்குத் தெரியாது, லாரியின் எடை மட்டும் குறையாது. டிஎஃப் கட்டளை வட்டு நிறைந்துவிட்டது என்கிறது, டியூ கட்டளையால் தேடினால் அவ்வளவு கோப்புகள் கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு மவுண்டுக்குக் கீழே பழைய கோப்புகள் கிடக்கின்றன. சில நேரம் அழித்த கோப்பை ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருப்பதும் காரணமாகும், அதையும் பார்த்துவிடுங்கள்.

மவுண்டைக் கழற்றாமலே கீழே பார்க்க முடியும். மவுண்ட் கட்டளைக்கு --பைண்ட் கொடுத்து ரூட்டை /எம்என்டியில் இன்னொரு தடவை மவுண்ட் செய்யுங்கள். --ஆர்பைண்ட் அல்ல, வெறும் --பைண்ட். அது துணை மவுண்டுகளை எடுத்துக்கொண்டு வராது என்பதால், /எம்என்டி/வார் முதலியவற்றில் மூடிக் கிடந்ததெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். பார்த்து முடித்ததும் மறக்காமல் கழற்றுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் தொல்லை. மவுண்ட் ஆக வேண்டியது ஆகாமல் போனால், புரோகிராம் கவலையில்லாமல் அடியில் இருக்கிற அடைவிலேயே எழுதும். திருப்பூர் ஏற்றுமதி யூனிட் ஒன்று தன் டிசைன் கோப்புகளை வேறு ஊரில் உள்ள சர்வரிலிருந்து எஸ்எஸ்எச்எஃப்எஸ் வழியாக மவுண்ட் செய்து வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். இணையம் இல்லாத காலைப்பொழுதில் அந்த மவுண்ட் விழவில்லை, ஊழியர் சேமித்த பேட்டர்ன் எல்லாம் உள்ளூர் வட்டில் போய் விழுகிறது. மதியம் இணையம் வந்து மவுண்ட் ஆனதும் அவை மறைந்துவிடும், காணோம் என்று தேடுவார்கள். இதற்கு ஓர் எளிய காப்பு உண்டு. மவுண்ட் ஆகாத நிலையில், அந்தக் காலி அடைவுக்கு சட்டர் +ஐ என்ற குறியைப் போட்டுவிடுங்கள். இஎக்ஸ்டி4 வட்டில் அதற்குப் பின் ரூட்டால்கூட அந்த அடைவுக்குள் எழுத முடியாது, ஆனால் அதன் மேல் மவுண்ட் செய்யத் தடையில்லை. மவுண்ட் இல்லாத நேரத்தில் சேமிக்கப் பார்த்தால் உடனே பிழை காட்டும். ஊழியர் அப்போதே போன் செய்வார்.

இப்படிப்பட்ட வலை மவுண்டுகளை /எம்என்டிக்குக் கீழே தனிப் பெயரிட்ட துணை அடைவில் வையுங்கள். ஹோம் அடைவின் முதல் தட்டில் வைக்காதீர்கள். சர்வர் பதில் சொல்லாமல் தொங்கினால், ஹோமைத் திறக்கிற ஒவ்வொரு ஃபைல் மேனேஜரும் சேர்ந்து தொங்கும். /மீடியாவும் வேண்டாம், பென்டிரைவ்களுக்காக டெஸ்க்டாப் தானாக அடைவுகளை உண்டாக்குவதும் அழிப்பதும் அங்கேதான்.

கல்லூரி லேப்பில் /ப்ராக்

பலர் லாகின் செய்யும் ஒரே சர்வர் உள்ள கல்லூரி லேப்களுக்கு இந்தப் பத்தி. /ப்ராக்கின் இடத்தை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. பிஎஸ், டாப் எல்லாம் அங்கேதான் படிக்கின்றன. ஆனால் எப்படி மவுண்ட் ஆகிறது என்பதை மாற்றலாம். இயல்பு நிலையில் ஒரு மாணவர் கட்டளையிலேயே தரவுத்தளக் கடவுச்சொல்லை எழுதி ஓட்டினால், பக்கத்து மாணவர் பிஎஸ் போட்டு அதைப் படித்துவிடலாம். 2012இல் வந்த 3.3 கெர்னல் முதல் ஹைட்பிட்=2 என்ற விருப்பம் இருக்கிறது. அதோடு /ப்ராக்கை ரீமவுண்ட் செய்தால் அவரவர் ப்ராசஸ் மட்டுமே அவரவருக்குத் தெரியும். ஜிஐடி என்ற விருப்பத்தில் ஒரு குழுவைக் குறிப்பிட்டு, கண்காணிக்கும் ஊழியர்களையும் எல்லா ப்ராசஸையும் பார்த்தாக வேண்டிய சர்வீஸ்களையும் அதில் சேருங்கள், இல்லாவிட்டால் சில சர்வீஸ்கள் முரண்டு பிடிக்கும்.

மற்ற யூனிக்ஸ்களில் இதே பழக்கத்தோடு போகாதீர்கள். ஃப்ரீபிஎஸ்டி /ப்ராக்கைத் தானாக மவுண்ட் செய்வதில்லை. ஓபன்பிஎஸ்டி 2015இல் 5.7 பதிப்போடு அதை நீக்கியே விட்டது. மேக் கணினியில் அது இல்லை. சோலாரிஸில் /ப்ராக் உண்டு, உள்ளே இருப்பது பைனரி. அதோடு மவுண்ட் பட்டியலைக் காட்டும் /இடிசி/எம்என்ட்டேப், அங்கே ஒரு கோப்பின் மேலேயே மவுண்ட் செய்யப்பட்ட மெய்நிகர் கோப்புமுறைமை. அடைவின் மேல்தான் மவுண்ட் செய்ய முடியும் என்று நினைத்திருந்தவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பேக்கப்பும் மீட்புப் பணியும்

ரூட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டுகள் இரவெல்லாம் ஓடி முடியாமல் கிடப்பதற்கு ஒரு காரணம் /ப்ராக்/கேகோர். இன்டெல், ஏஎம்டி 64 பிட் கணினிகளில் அந்த ஒரு கோப்பின் அளவு சுமார் 128 டெராபைட் என்று காட்டும். உண்மையில் அது நினைவகத்தைப் பார்க்கும் ஜன்னல்தான், வட்டில் எதுவும் இல்லை. ஆர்சிங்குக்கு -எக்ஸ், டாருக்கு --ஒன்-ஃபைல்-சிஸ்டம் கொடுத்தால் மெய்நிகர் கோப்புமுறைமைகளுக்குள் நுழையாது. /ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் அதையும் விட்டுவிடும் என்பதால், அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும். உங்கள் டெம்ப்எஃப்எஸ் /ரன்னுக்குள் இருந்தால் இங்கேயும் ஒரு வசதி: பெரும்பாலான பேக்கப் கருவிகளின் மாதிரி ஸ்கிரிப்டுகள் /ரன்னை விலக்கித்தான் எழுதப்பட்டிருக்கும்.

அழிப்பதில் இன்னும் கவனம் வேண்டும். யுஇஎஃப்ஐ கணினிகளில் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ/இஎஃப்ஐவார்ஸ் என்ற இடத்தில் மதர்போர்டின் அமைப்புகளே கோப்புகளாகத் தெரியும். 2016 தொடக்கத்தில் ரூட்டிலிருந்து எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை ஓட்டிய ஒருவரின் மடிக்கணினி அதற்குப் பின் கிளம்பவே இல்லை. வட்டோடு சேர்ந்து ஃபர்ம்வேரின் அமைப்புகளும் அழிந்துபோயின, அவை இல்லாமல் கிளம்ப அந்த ஃபர்ம்வேருக்குத் தெரியவில்லை. 4.5 கெர்னலிலிருந்து இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு உண்டு. பூட்டை நம்பி அழிக்க வேண்டாம்.

கிளம்பாத கணினியை யூஎஸ்பியிலிருந்து மீட்கும்போது இந்த ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பழைய ரூட்டை /எம்என்டியில் மவுண்ட் செய்து, அதற்குள் /டெவ், /ப்ராக், /சிஸ், /ரன் நான்கையும் --ஆர்பைண்ட் மூலம் கொண்டுவந்து, சிரூட் செய்வோம். ஒவ்வொரு ஆர்பைண்டுக்கும் பிறகு --மேக்-ஆர்ஸ்லேவ் கொடுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்து உள்ளே கழற்றும்போது, நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் யூஎஸ்பி சிஸ்டத்தின் மவுண்டுகளும் சேர்ந்து கழன்றுவிடும். /எம்என்டிக்குள் எதையாவது அழிக்க வேண்டியிருந்தால், அதற்கு முன் ஃபைண்ட்எம்என்டி -ஆர் /எம்என்டி என்று அடித்து எதுவும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகே ஆர்எம் கட்டளையைத் தொடுங்கள். யூமவுண்ட் -ஆர் /எம்என்டி எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கழற்றும்.

கடைசியாக, கணினி கிளம்பும்போதே மவுண்ட் ஆக வேண்டியவற்றை எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி முடித்ததும் உடனே ரீபூட் செய்யாதீர்கள். முதலில் ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை கொடுத்து எழுத்துப்பிழையைப் பாருங்கள். அடுத்து சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அதன்பின் மவுண்ட் -ஏ. கூடுதல் வட்டுகளுக்கான வரிகளில் நோஃபெயில் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். அது இல்லாமல் மவுண்ட் விழாவிட்டால் பலகை அவசர நிலையில் நின்று கீபோர்டுக்காகக் காத்திருக்கும். சோதனைத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பெட்டிக்குள் மாட்டிய பலகைக்குத் திரையும் கீபோர்டும் இருக்காது என்பதால், அந்த முதல் ரீபூட்டை மட்டும் பலகை மேசைமேல் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.